கழுத்தைத் திருப்பும் முன் சொல்ல வேண்டியது: ஆஸ்டியோபதி குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

கடந்த சில மாதங்களாக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடியதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. எந்த ஊர், யாருடைய கிளினிக், அந்த வீடியோவை முதலில் யார் பகிர்ந்தார் என்பதெல்லாம் பிசியோதெரபிஸ்டுகளான நம் உறுப்பினர்களுக்குத் தெரியும். ஒழுங்கு நடவடிக்கைக் குழு தனியாக விசாரித்துவருகிறது. அதன் முடிவுக்கு முன்னால் இந்த அறிக்கை எவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஆனால் சங்கம் இதற்கு மேலும் வாயைத் திறக்காவிட்டால் அது சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். செயற்குழு இரண்டு முறை கூடியது. இரண்டாவது கூட்டம் இரவு பதினொன்றைத் தாண்டியது. வாக்கியத்துக்கு ஒருவர் எழுந்து நின்ற கூட்டம் அது. அதனால் சில இடங்களில் நடை வளைந்து நெளிந்துதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து வலி, இடுப்பு வலி என்று ‘ஆஸ்டியோபாத்’ பலகையைப் பார்த்துப் படியேறப்போகிற நோயாளியும் இதைப் படிக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

முதலில் அந்தப் பலகையிலுள்ள சொல். ஆஸ்டியோபதியைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1892-ல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் இதற்கென்று பள்ளி திறந்தார். இன்று அமெரிக்காவில் ஆஸ்டியோபதி பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார். பிரிட்டனில் அப்படி இல்லை. அங்கே ஆஸ்டியோபாத் கையால் செய்யும் சிகிச்சையை மட்டுமே செய்பவர். ஆனால் 1993-ல் கொண்டுவந்த சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்வதே குற்றம். இந்தியாவில் ஆஸ்டியோபதிக்கென்று தனிப் பதிவுக் குழு கிடையாது. நம் தொழில் 2021-ஆம் ஆண்டின் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் வருகிறது. பலகையிலுள்ள இந்தச் சொல்லைப் பற்றிக் கேட்க யாருமில்லை. பலகை எழுதுகிற பெயிண்டர் மட்டும் ‘ஸ்பெல்லிங் சரியா சார்?’ என்று கேட்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஆஸ்டியோபதிப் பயிற்சிக்கு ஓர் அளவுகோல் வெளியிட்டது. புதிதாகப் படிக்க வருபவருக்கு 4,200 மணி நேரம். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். ஏற்கெனவே மருத்துவத் துறையில் படித்தவர்களுக்கு இந்த நேரம் குறையலாம் என்று அதே ஆவணம் சொல்கிறது. உறுப்பினர்கள் சிலர் இதை வலியுறுத்தியதால் பதிவு செய்கிறோம். குறைந்தாலும் அது ஒரு சனி, ஒரு ஞாயிறு, மதியச் சாப்பாடு, குழுப் புகைப்படம், லேமினேட் செய்த சான்றிதழ் என்ற அளவுக்குக் குறையாது. இப்படிப்பட்ட வார இறுதி வகுப்புகளுக்குச் சென்ற ஆண்டு வரை நம் சங்கத்தின் லெட்டர்பேடே போயிருக்கிறது. அது தவறு. ‘வருந்தத்தக்கது’ என்று எழுதலாம் என்றார்கள். தவறு என்றே எழுதுகிறோம்.

இனி கழுத்து. செயற்குழுவில் அதிக நேரம் எடுத்துக்கொண்டதும், குரல்கள் உயர்ந்ததும் இதில்தான்.

கழுத்தின் முள்ளெலும்புகளில் இருபுறமும் சிறு துளைகள் உண்டு. ஆறாவது எலும்பில் நுழைந்து, மணியில் நூல் கோத்ததுபோல ஒவ்வொன்றாக ஏறி, முதல் எலும்பின் மேல் ஒரு வளைவு வளைந்து மண்டைக்குள் போகிறது ஒரு தமனி. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மூளைத் தண்டுக்கும் சிறுமூளைக்கும் ரத்தம் கொண்டுபோவது இந்த இரண்டும்தான். தலையைச் சடாரென்று திருப்பும்போது அந்த மேல் வளைவு இழுபடுகிறது. தமனியின் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறையும். உறைந்த துணுக்கு மேலே போனால் பக்கவாதம். இளம் வயதினருக்கும் நடுத்தர வயதினருக்கும் வரும் பக்கவாதத்துக்கு இந்தக் கிழிசல் ஒரு முக்கியக் காரணம் என்பதை நாம் எல்லோரும் படித்துத்தான் தேர்வு எழுதினோம்.

திரும்பச் சொல்லப்போவதில்லை என்றோம். ஆனாலும் நோயாளிகள் படிக்கிற அறிக்கையில் இதைச் சொல்லாமல் விட எங்களால் முடியவில்லை. அந்த வீடியோவில் இருக்கும் பெண்ணுக்கு வயது 38. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் குனிந்தபடி வேலை. கழுத்துப் பிடிப்புக்காகப் போனார். மகன் எடுத்த வீடியோ ஒரு நிமிடம்கூட இல்லை. மல்லாக்கப் படுக்க வைத்து, தாடையில் ஒரு கை, பிடரியில் ஒரு கை. ‘ரிலாக்ஸா விடுங்கம்மா’ என்று ஒரு குரல். படக்கென்று ஒரு திருப்பு, சத்தம், பக்கத்தில் நிற்பவர்களின் சிரிப்பு. பிறகு அடுத்த பக்கம். அவர் எழுந்து உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிறார். அங்கே வீடியோ முடிகிறது. மறுநாள் காலை காபி தொண்டைக்குள் இறங்காமல் மூக்கு வழியாக வந்தது. நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். வாயு என்று நினைத்து வீட்டில் இஞ்சிச் சாறு கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனைக்குப் போனது மூன்றாம் நாள். இப்போது நம் உறுப்பினர் ஒருவரிடம் கம்பியைப் பிடித்து நடை பழகுகிறார்.

அந்த வீடியோவில் ஒரு கேள்வியாவது கேட்கப்படுகிறதா என்று பலமுறை ஓட்டிப் பார்த்தோம். தலைசுற்றல் உண்டா, பி.பி. உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதுவும் இல்லை.

கழுத்தைத் திருப்பியதால்தான் தமனி கிழிந்தது என்று நிரூபிக்க முடியாது என்ற வாதம் கூட்டத்தில் வந்தது. நியாயமான வாதம்தான், அறிவியலில் அதற்கு இடம் உண்டு. தமனி தானாகக் கிழிந்தாலே கழுத்து வலிக்கும். அந்த வலிக்காகத்தான் அவர் சிகிச்சைக்கே வந்திருக்கலாம். அமெரிக்க இதய சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையும், காரணம் இதுதான் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. அதே அறிக்கை அடுத்து ஒன்று சொன்னது: இரண்டுக்கும் தொடர்பு காணப்படுகிறது என்பதைக் கழுத்தில் கை வைக்கும் முன்பே நோயாளியிடம் தெரிவிக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் குழுவில் ஃபார்வர்ட் செய்தவர்கள் இரண்டாவது பாதியையும் படித்திருப்பார்கள் என்று நம்புகிறோம். ஏற்கெனவே கிழிந்திருந்தது என்றே வைத்துக்கொள்வோம். கிழிந்த தமனி உள்ள கழுத்தை ஒன்றுமே கேட்காமல் படக்கென்று திருப்பினோம் என்பது நமக்குச் சாதகமான வாதமா?

இது அரிதாக நடப்பது. மிக அரிதாக நடப்பது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் யாருக்கு நடக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகக் கண்டுபிடிக்கும் சோதனை நம் கையில் இல்லை. தலையைத் திருப்பிப் பிடித்து மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது. கழுத்து வலிக்கு வேகத் திருப்பலும், மெதுவாக மூட்டை அசைத்துவிடும் முறையும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. மெதுவாகச் செய்தாலே போதும் என்கிறபோது வேகமாகத் திருப்புவது எதற்கு?

சத்தத்துக்கு. மைக்கைக் கழுத்துப் பக்கம் வைத்து எடுக்கிற ரீல்ஸுக்கு. விரலில் சொடக்கு எடுத்தால் கேட்கிற அதே சத்தம்தான் அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாவதோடு சேர்ந்து வருவது; 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் வைத்து இழுத்து அதைப் படமாகவே எடுத்துவிட்டார்கள். விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்று நோயாளியிடம் சொல்வது பொய். இந்தச் சொல்லை மென்மையாக்கச் சொன்னவர்கள் உண்டு. மாற்றுச் சொல் யாரிடமும் இல்லை.

சலூனில் முடிவெட்டிய பிறகு இலவசமாக நெட்டி எடுக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். 2024-ல் கர்நாடகத்தில் 30 வயது இளைஞர் ஒருவருக்குச் சலூனில் தலை மசாஜின்போது கழுத்தைத் திருப்பியதில் தமனி கிழிந்து பக்கவாதம் வந்ததாகச் செய்தி வந்தது. அப்போது நம் குழுக்களில் எல்லோரும் முடிதிருத்துபவரைத் திட்டினோம்.

நோயாளிகளுக்கு: இதுவரை வராத மாதிரி திடீரென்று கழுத்திலோ பின்தலையிலோ கடும் வலி, தலைசுற்றல், பார்வை இரண்டாகத் தெரிவது, வாய் குழறுவது, விழுங்க முடியாமல் போவது, முகம் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் யாரையும் கழுத்தைத் தொட விடாதீர்கள். சிகிச்சைக்குப் பிறகு வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ‘நரம்பு செட் ஆகுது, ரெண்டு நாள்ல சரியாயிடும்’ என்று போனில் பதில் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

இடுப்பு வலியைப் பற்றிச் சுருக்கமாக. கையால் செய்யும் சிகிச்சை உடற்பயிற்சியோடு சேர்ந்து வரும்போது சிலருக்கு உதவலாம்; பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-ல் கொடுத்த வழிகாட்டுதலும் அப்படித்தான், உடற்பயிற்சி இல்லாமல் தனியாக வேண்டாம் என்கிறது. பிரான்ஸில் 400 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2021-ல் வெளியான ஆய்வில், உண்மையான ஆஸ்டியோபதிக்கும் பாசாங்காகத் தொட்டுவிடுவதற்கும் இடையிலான வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருந்தது. ஆகவே 20 சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் கூடும் முதுகு வலி இருந்தால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் இதை மறந்துவிட்டு முதுகை அழுத்துவது மன்னிக்க முடியாதது. சிறுநீர் கழிக்க முடியாமல் போவதும், உட்காரும் இடம் மரத்துப்போவதும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயங்கள். எலும்பு பலவீனம், முடக்குவாதம், புற்றுநோய், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கைக்குழந்தையின் மண்டையைத் தடவி அழுகையை நிறுத்துவதாகச் சொல்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

வர்மம், தொக்கணம், புத்தூர் கட்டு பற்றி இந்த அறிக்கை எதுவும் சொல்லவில்லை. தென் மாவட்ட உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டபடி அது தனியாக விவாதிக்கப்படும்.

பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடுவது பற்றிய சண்டையையும் இங்கே இழுக்கவில்லை. 2025 செப்டம்பரில் அதைப் போடக் கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம் வந்து மறுநாளே திரும்பப் பெறப்பட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறோம்: நாலரை ஆண்டு படித்த பட்டத்துக்கு மரியாதை கேட்டு ஊர்வலம் போன நாம், இரண்டு நாள் சான்றிதழை அந்தப் பட்டத்துக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறோம்.

செயற்குழு எடுத்த முடிவுகள் இவை. வெளிநாட்டில் முழுநேரப் படிப்பு முடித்து அந்த நாட்டின் பதிவும் உள்ளவர்கள் நீங்கலாக, மற்ற உறுப்பினர்கள் 60 நாட்களுக்குள் ‘ஆஸ்டியோபாத்’ என்ற சொல்லைப் பலகையிலிருந்தும் விசிட்டிங் கார்டிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். வார இறுதி வகுப்புகளுக்குச் சங்கத்தின் பெயரோ முத்திரையோ இனி கிடையாது. நோயாளியின் சிகிச்சையை வீடியோ எடுத்து விளம்பரமாகப் போடக் கூடாது. நோயாளியே சம்மதித்தாலும் கூடாது.

கழுத்தில் வேகத் திருப்பலை அடியோடு தடை செய்ய வேண்டும் என்று எங்களில் பாதிப்பேர் கேட்டோம். விவாதத்தின் முடிவில் அது ‘இயன்றவரை தவிர்ப்பது நலம்’ என்று ஆகியிருக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்பவர்கள், பக்கவாதம் வரக்கூடும் என்ற வாக்கியம் உள்ள தமிழ்ப் படிவத்தை நோயாளிக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். இதில் ‘வேண்டும்’ என்ற சொல் வாக்கெடுப்பில்தான் நின்றது. மூன்று பேர் எதிர்த்தார்கள். படிவத்தைப் படித்துக் காட்டினால் நோயாளி எழுந்து போய்விடுவார் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதைப் பதிவு செய்யச் சொன்னார்கள், செய்துவிட்டோம்.

இந்த அறிக்கையின் அச்சுப் பிரதி ஒவ்வொரு உறுப்பினரின் கிளினிக்குக்கும் தபாலில் வரும். நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டாத கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள், ஏன் ஒட்டவில்லை என்று கேட்டுவிட்டுப் பிறகு படுக்கையில் படுங்கள்.