சாவோலையா? சாசனமா?

"உயில் எழுதி வைக்கலாமே" என்று எந்த வீட்டிலாவது சொல்லிப் பாருங்கள்! நடுக்கூடத்து விளக்கை யாரோ ஊதி அணைத்ததுபோல் முகங்கள் இருண்டுவிடும். பாட்டி வாயைப் பொத்துவாள். தாய், "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக இந்தப் பேச்சா?" என்று கடிந்துகொள்வாள். சொத்துக்கு உரியவரோ, தலைமாட்டில் எமன் பாசக்கயிற்றோடு வந்து நிற்பதாக எண்ணி மார்பைத் தடவிக்கொள்வார். எழுதிய கையின் ஈரம் உலருமுன் எழுதியவரின் உயிரைப் பறித்துச் செல்லும் சாவோலை அது என்பது நம் நாட்டிலே ஊறிப்போன நம்பிக்கை.

பழமையிலே புரளுவோர் இப்படி நடுங்கினால் நமக்கு வியப்பில்லை. பகுத்தறிவு பேசும் தோழர்களும் அல்லவா நடுங்குகிறார்கள்! இராகு காலத்திலே திருமணம் நடத்திக் காட்டியவர். பூனை குறுக்கே போனால் புன்னகையோடு நடப்பவர். சோதிடனைச் சொல்லால் சுட்டவர். அவரைக் கேளுங்கள், உயில் எழுதிவிட்டீரா என்று. "அதற்கு என்ன அவசரம்? இன்னும் காலம் இருக்கிறதே" என்பார். காலம் இருக்கிறது என்று அவருக்குச் சொன்னவர் யார்? எந்தச் சோதிடர் கணித்துக் கொடுத்தார்?

ஆண்டுதோறும் ஆயுள் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார். "நான் இறந்தால் இவ்வளவு" என்று கையெழுத்தும் போடுகிறார். அந்தத் தாளைக் கண்டு வராத எமன், உயில் என்னும் தாளைக் கண்டதும் ஓடோடி வந்துவிடுவானா? சகுனத்தை வாசலில் விரட்டிவிட்டு, இரும்புப் பெட்டிக்குள் மட்டும் ஒளித்து வைத்திருப்பது பகுத்தறிவு ஆகாது.

"எழுதாவிட்டால்தான் என்ன? பிள்ளைகளுக்குப் போகப்போகிறது" என்பது அடுத்த வாதம். தோழர்களே, நாம் எழுதாவிட்டால் நமக்கு உயிலே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அரசு நமக்காக ஒன்றை முன்பே எழுதி வைத்திருக்கிறது. வாரிசுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். கோயில் வாசலை மிதிக்காதவரும், கடவுள் இல்லை என்று மேடையேறி முழங்கியவரும், இந்துக் குடும்பத்தில் பிறந்து வேறு மதம் புகாதிருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு இந்துவே! வாழ்நாளெல்லாம் எதை மறுத்தாரோ, அந்தப் பெயரால்தான் அவர் வீடும் நிலமும் பங்கு பிரிக்கப்படும்.

அந்தச் சட்டம் எப்படிப் பிரிக்கிறது? ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர் சம பங்கு பெறுகிறார்கள். நன்று. பெண் இறந்தால்? முதலில் மகன், மகள், கணவன். அவர்கள் எவரும் இல்லையென்றால் அடுத்து வரவேண்டியவர் யார்? பெற்ற தாயா? வளர்த்த தந்தையா? இல்லை! கணவனின் வாரிசுகள்! அவர்கள் எவரும் இல்லாதபோதுதான் பெற்றோரின் முறை வரும். பெற்றோர் வழியாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, தந்தை வீட்டுக்குத் திரும்பும். அவள் படித்து, உழைத்து, சம்பாதித்துச் சேர்த்த பணத்துக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

இது ஏட்டளவில் நிற்கும் அச்சமன்று. 1955-இல் ஒரு பெண்ணுக்குத் திருமணம் நடந்தது. மூன்றே மாதங்களில் பாம்பு கடித்துக் கணவன் இறந்தான். புகுந்த வீட்டார் அவளை விரட்டினர். பிறந்த வீடு அணைத்துக்கொண்டது, படிக்க வைத்தது. அவள் வேலைக்குச் சென்றாள். வங்கியிலே பணம் சேர்த்தாள். வருங்கால வைப்பு நிதியும் வளர்ந்தது. 1996-இல் இறந்தாள். உயில் இல்லை. மகளின் பணத்தைத் தாய் கேட்டாள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்தவனின் சகோதரியின் பிள்ளைகளும் கேட்டனர். 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் யாருக்கு? விரட்டிய வீட்டாருக்கு! இரக்கத்தைக் கொண்டு சட்டத்தை மாற்றிப் பொருள் கொள்ள இயலாது என்றது நீதிமன்றம். படிக்க வைத்த தாய் வெறுங்கையோடு நின்றாள். முறைப்படி எழுதிய ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் அந்த வழக்கின் முடிவே வேறு.

சட்டம் திருந்த வேண்டாமா? திருந்தத்தான் வேண்டும், அதற்காகக் குரல் கொடுப்பது நம் கடமை. ஆனால், சட்டம் திருந்தும்வரை சாவு காத்திருக்காது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, இத்தகைய நிலைக்கு ஆளாகக்கூடிய இந்துப் பெண்கள் உடனே உயில் எழுதி வையுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தது. எங்கள் ஆசிரியர் அறையிலே இதைச் சொன்னபோது, "உயில் என்பது ஜமீன்தார் சமாசாரம், மாதச் சம்பளக்காரிக்கு எதற்கு?" என்றார் ஓர் அம்மையார். சம்பளக் கணக்கும், சேமநல நிதியும், தவணை கட்டி முடித்த இரண்டு அறை வீடும் அவர் உழைப்பின் விளைவு. அது யாருக்கு என்று சொல்லும் உரிமையை ஜமீன்தாருக்கு மட்டும் விட்டுவிடுவானேன்?

பெண்ணுக்குச் சொத்துரிமை என்பது நமக்கு இனாமாக வந்ததன்று. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே ஆணுக்குச் சமமாகப் பெண்ணுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டபோது, குடும்பம் குலையும் என்று கூவினர். 1951-இல் இந்து சட்டத் தொகுப்பு முடக்கப்பட்டதைக் கண்டித்து அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 சட்டம் தந்தையின் தனிச் சொத்திலே மகளுக்குப் பங்கு தந்தது. 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளை மகனுக்கு நிகராக்கியது. ஆயினும் அதற்கு முன்பே மணமானவர்கள் விடுபட்டனர். 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தபோதுதான் அந்த வேலியும் நீங்கிற்று. தீர்மானத்துக்கும் தமிழ்நாட்டுச் சட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள்!

அறுபது ஆண்டுகள் போராடிப் பெற்றதை அரை மணி நேரத்தில் பறிக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதுவும் உயில்தான்! "என் மகளுக்குச் சீர் செனத்தி செய்து கட்டிக் கொடுத்துவிட்டபடியால் அவளுக்கு என் சொத்தில் யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று எழுதுகிறாரே தந்தை, அந்த ஒரு வரி போதும். வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1961-லேயே சட்டம் வந்தது. சீர் என்ற பெயரால் அந்தக் குற்றத்தைச் செய்துவிட்டு, அதையே கணக்குக் காட்டி மகளின் உரிமைக்கும் பட்டை நாமம்! தான் சம்பாதித்த சொத்தைத் தான் விரும்பியவருக்குத் தர அவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு, மறுக்கவில்லை. பெண்ணுரிமை பேசிய வாய்க்குச் சொந்தக்காரர் அப்படி எழுதலாமா என்பதுதான் நம் கேள்வி. ஒருவர் மேடையிலே பேசியது உண்மையா என்பதை அவர் உயிலைப் படித்தால் தெரிந்துகொள்ளலாம்.

இனி, "எழுதுகிறேன் ஐயா, ஒரு வெள்ளைத் தாள் போதாதா? வழக்கறிஞர் எதற்கு, வீண் செலவு?" என்பார் சிலர். சட்டம் கேட்பது குறைவுதான். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, தெளிந்த மனமுடைய, பதினெட்டு வயது நிரம்பிய எவரும் உயில் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டியதில்லை. கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் ஒப்பமிடுவதைக் கண்டோ, ஒப்பமிட்டதாக அவரே சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் ஒப்பமிட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்திலே பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. எழுதியவர் உயிரோடு உள்ளவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எழுதியதுமே பிள்ளைகள் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயமும் வேண்டாம். இறக்கும்வரை உயிலுக்கு உயிர் இல்லை.

இவ்வளவு எளிதாயிருந்தும் உயில்கள் நீதிமன்றப் படிக்கட்டிலே உருளுவது ஏன்? அடுத்த வீட்டுக்காரர் உயிலைப் பார்த்து எழுதுவதால்! கூட்டுக் குடும்பச் சொத்திலே தன் பங்கை மட்டுமே எழுத முடியும் என்று அறியாமல் முழு வீட்டையும் எழுதிவிடுகிறார் ஒருவர். எழுபது வயதுக்காரர் எழுபத்தைந்து வயது நண்பரைச் சாட்சியாக்குகிறார். உயிலை மெய்ப்பிக்கும் நாளில், உயிருடன் உள்ள சாட்சி ஒருவரையேனும் விசாரிக்க வேண்டுமே, எங்கே போய்த் தேடுவது? பின்னால் வாங்கிய மனை யாருக்கு என்று ஒரு வரி இல்லை. பங்கு பெறுபவர் முன்னரே இறந்தால் என்ன என்பதற்கு விடை இல்லை. மகளுக்கென்று எண்ணிய வைப்புத் தொகைக்கு வங்கியிலே மகனை நியமனதாரராக்கிவிட்டு, பணம் முழுதும் அவனுக்கே சொந்தம் என்று வீட்டார் நம்பும்படி விட்டுவிடுகிறார் இன்னொருவர். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர், உடையவர் ஆகிவிடமாட்டார்.

மதத்துக்கு மதம் விதியும் மாறுகிறது. முஸ்லிம் ஒருவர், மற்ற வாரிசுகளின் இசைவின்றி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க முடியாது. கிறித்தவர் திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். இந்துவின் உயிலுக்கு அவ்விதி இல்லை. இவற்றை அறிந்தவரே வழக்கறிஞர். காய்ச்சலுக்கு மந்திரவாதியிடம் போகாதே, மருத்துவரிடம் போ என்று ஊருக்குச் சொல்லும் நாம், உயிலுக்கு மட்டும் திண்ணைப் பேச்சை நம்பலாமா?

ஆனால் ஒன்று. மகன் அழைத்து வரும் வழக்கறிஞர் மகனின் வழக்கறிஞர். பயன் பெறுபவரே முன்னின்று எழுதி வாங்கிய உயில், நடுங்கும் கையெழுத்து, காரணமின்றி நெருங்கிய உறவை விலக்கிய வாசகம் ஆகியவை ஐயத்துக்கு இடம் தருபவை. அந்த ஐயத்தைப் போக்கும் பொறுப்பு உயிலைக் காட்டி உரிமை கேட்பவருடையது என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே, உடல் திடமாயிருக்கும்போதே, நீங்களே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம், தனியாகச் சென்று சொல்லுங்கள். அவர் எழுதியதைத் தமிழிலே படித்துப் புரிந்துகொண்ட பிறகு ஒப்பமிடுங்கள். கட்டணத்துக்கு அஞ்சுவோர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களும் தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்.

நம் தோழர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு உண்டு. முதலாவது, மதம் கடந்து மணந்தவர்கள் பற்றியது. இந்து இளைஞர் ஒருவர் கிறித்தவப் பெண்ணை 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தால், அவர் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். அவர் உயிலின்றி இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, பெற்ற தாய்க்கு ஒன்றுமே இல்லை! மகன் மணந்துகொண்ட நாளில் ஊரை எதிர்த்து அவன் பக்கம் நின்ற தாயாகவும் அவள் இருக்கலாம். அதுபோலவே, முறைப்படி தத்து எடுக்காமல் வளர்த்த பிள்ளைக்கும், நாம் வளர்த்த படிப்பகத்துக்கும், உயில் இல்லையேல் ஒரு காசும் சேராது.

இரண்டாவது, இறுதிச் சடங்கு. "எனக்குச் சடங்கு வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள்" என்று உயிலிலே எழுதி, உறையிட்டுப் பெட்டியிலே பூட்டுகிறார்கள். பெட்டியைத் திறப்பது எப்போது? காரியமெல்லாம் முடிந்த பிறகு! அதற்குள் புரோகிதர் வந்து, மந்திரம் ஓதி, தட்சணையும் பெற்றுப் போயிருப்பார். உடற்கொடைக்கு மருத்துவக் கல்லூரியிலே தனியே உறுதிமொழி கொடுங்கள். வீட்டாரிடமும் தோழரிடமும் வாயாலும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்தில் உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தாம்.

மறு உலகம் இல்லை என்று அறிந்தவர்கள் நாம். போகுமிடத்துக்குப் புண்ணியம் தேடவேண்டிய வேலை நமக்கில்லை. விட்டுச் செல்லும் இடத்திலே நீதி செய்யும் வேலை இருக்கிறது. மகளுக்கும் மகனுக்கும் சமமாக, உழைத்த துணைக்கு உறுதியாக, ஆதரவற்ற தாய்க்கு மறவாமல் எழுதப்படும் உயில் சாவோலை அன்று, சாசனம்!

இளைஞர்களே! உங்கள் பெற்றோரிடம் பேசுங்கள். சம்பாதிக்கும் சகோதரிகளே! முதலில் நீங்கள் எழுதுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டாம். வழக்கறிஞருக்கு எந்த நாள் ஓய்வு என்று மட்டும் பாருங்கள்.