மலையுச்சியில் கடற்சிப்பிகள்

நியூகினித் தீவின் மேற்கே 4,884 மீட்டர் உயர்ந்து நிற்கிறது புன்சாக் ஜெயா சிகரம். அது சுண்ணாம்புக்கல், அக்கல்லோ கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியது. இதைக் கேட்டவுடன், "நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்கு அத்தாட்சி" என்று பிரசங்கபீடத்தில் முழங்குவோர் உண்டு. அது முறையன்று என்பதே என் எண்ணம்.

வெள்ளம் சிப்பிகளை வாரிக்கொண்டுவந்து போடக்கூடும், பவளத்திட்டை வளர்த்தெடுக்காது. அதே தீவின் கிழக்கே, ஹுவான் தீபகற்பத்தில், பழைய பவளத்திட்டுகள் கடலுக்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம் வரை படிக்கட்டுகளாய் நிற்கின்றன. பல பவளங்கள் வளர்ந்த இடத்தில், வளர்ந்த கோலத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு படியும் ஒரு காலத்துக் கடலோரம். கடல்மட்டம் பலமுறை ஏறி இறங்கியது. ஆஸ்திரேலிய நிலத்தட்டு வடக்கே மோத, நிலமோ ஓயாது எழும்பிற்று. இன்றும் எழும்புகிறது.

ஆதியாகமத்துக்கு நாம் இப்படி முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரியில் இவற்றைக் கற்கும் நம் பிள்ளை, போதகர் அவசரத்தில் சொன்ன அத்தாட்சியோடு விசுவாசத்தையும் சேர்த்தே கைவிடுகிறான். அந்த இழப்புக்கு யார் கணக்குக் கொடுப்பது? ஞாயிறு பள்ளியில் இத்தகைய படங்களைக் காட்டுமுன், நிலவியல் கற்ற ஒருவரை அழைத்துக் கேளுங்கள். அவர் உங்கள் சபையிலேயே, பின்வரிசையில், பேசாமல் அமர்ந்திருக்கக்கூடும்.