பழுப்பு வளையம் வராத பதிவு

இது கொஞ்சம் நீண்ட பதிவு. காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். போன மாதமே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை.

பழைய நண்பர்களுக்குத் தெரியும், நான் முப்பத்திரண்டு வருடம் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியவள். ஓய்வு பெற்றபின் இங்கே கைக்கு வந்ததை எல்லாம் எழுதுகிறேன். கத்தரிக்காய் விலை, பேருந்து வராதது, ரசத்தில் பூண்டு தட்டிப் போடலாமா கூடாதா, எல்லாவற்றுக்கும் என்னிடம் கருத்து உண்டு. கூடவே வீட்டு வேலைகளும்: பழைய புடவையில் மிதியடி, உடைந்த குடத்தில் புதினா, பெயின்ட் டப்பாவில் கற்பூரவல்லி.

2023 ஆடி மாதம் ஒரு பதிவு போட்டேன். 'ஒரே சனிக்கிழமையில் மாடித் தோட்டம்' என்று தலைப்பு. பதினெட்டு பைகள், செம்மண், தொழு உரம், விதை. தக்காளி, கத்தரி, வெண்டை, இரண்டு பை கீரை. மொட்டைமாடித் தட்டோட்டின் மேல் வரிசையாக வைத்துப் படம் எடுத்தேன். "யாரும் செய்யலாம், செலவும் இல்லை, சிரமமும் இல்லை" என்று முடித்திருந்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பதிவுக்கும் வராத அளவுக்கு விருப்பக்குறிகள் வந்தன. எழுநூறைத் தாண்டியது. எத்தனையோ பேர் பகிர்ந்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது, மறைப்பானேன்.

போன மாதம் ஒரு மாணவி கூப்பிட்டாள். பெயர் வேண்டாம். இருபது வருடத்துக்கு முன் பிளஸ் டூவில் என்னிடம் படித்தவள். இப்போது வேறு ஊரில், இரண்டு பிள்ளைகளோடு, மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தாள். 'இருந்தாள்' என்றுதான் சொல்ல வேண்டும். நலம் விசாரித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"டீச்சர், உங்க வீட்ல ஒழுகலையா?"

எனக்கு எதைக் கேட்கிறாள் என்று உடனே புரிந்துவிட்டது.

என் பதிவைப் பார்த்துவிட்டு 2024 ஆடியில் அவளும் மொட்டைமாடியில் பை வைத்திருக்கிறாள். முப்பது பைகள். கார்த்திகை மழையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் ஈரம் இறங்கி, சுவர் வழியாகக் கீழே வீட்டுக்காரர் படுக்கையறை வரை போயிருக்கிறது. வாக்குவாதம், மனஸ்தாபம். தை மாதம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முன்பணத்தில் நாற்பதாயிரம் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்களாம். பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேறு வீடு.

குற்றம் சொல்ல அவள் கூப்பிடவில்லை. தன் கைவேலையில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, டீச்சரிடம் சந்தேகம் கேட்கக் கூப்பிட்டிருக்கிறாள்.

"ஒழுகிச்சும்மா," என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நீங்க அத எழுதலையே டீச்சர்," என்றாள்.

ஆமாம், நான் எழுதவில்லை. என் வீட்டுக் கூரை 2023 ஐப்பசியிலேயே ஒழுக ஆரம்பித்துவிட்டது. முதலில் கூடத்தில் உள்ளங்கை அளவு ஒரு கறை. கார்த்திகையில் எங்கள் வீட்டுக்காரர் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே பூச்சு பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, அவர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். கொத்தனார் வந்து பைகளை நகர்த்திப் பார்த்தார். பைக்கடியில் தட்டோடு மாதக்கணக்கில் காயவே இல்லை. மாடித்தண்ணீர் ஓடிப்போக வைத்த வாட்டத்துக்குக் குறுக்கே என் வெண்டை வரிசை அணை கட்டியிருந்தது. பையின் அடித்துளை வழியாக இறங்கிய வேர், ஓடுகளின் இணைப்புக்குள் நுழைந்திருந்தது. ஒரு பகுதி ஓட்டை எடுத்து மறுபடி பதித்துப் பூச 38,000 ரூபாய் ஆயிற்று.

அந்த வாரம் நான் என்ன பதிவிட்டேன் தெரியுமா? ஒரு கத்தரிக்காய் படம். "நம் வீட்டுக் காயின் ருசியே தனி" என்று.

என் கூரை ஒழுகி ஒன்பது மாதம் கழித்துத்தான் அந்தப் பெண் முதல் பையை வைத்திருக்கிறாள். நான் நாலு வரி எழுதியிருந்தால் போதும். 'செலவும் இல்லை' என்ற அந்தப் பழைய வரி மட்டும் அப்படியே நின்று, யார் யாருக்கோ இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

வேதியியல் செய்முறை ஏடு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று கட்டம் போட்டு எழுதுவோம்: சோதனை, காண்பன, அறிவன. நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கப் பழுப்பு வளையச் சோதனை உண்டு. அமிலத்தைச் சோதனைக்குழாயின் ஓரமாக மெதுவாக வழியவிட வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினாலோ குழாயை ஆட்டினாலோ வளையம் வராது. வராத பிள்ளைகள் பக்கத்து மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, "பழுப்பு வளையம் தோன்றுகிறது" என்று அழகாக எழுதிவிடுவார்கள். நான் குழாயைக் கையில் எடுத்து, "எங்கடி வளையம்?" என்பேன். வளையம் வராததற்கு நான் யாரையும் திட்டியதில்லை. வந்ததாக எழுதியதற்குத்தான் திட்டு. "வரலைன்னா வரலைன்னு எழுது. ஏன் வரலைன்னு யோசி. அதான் பாடம்." இந்த வசனத்தை முப்பத்திரண்டு வருடம் சொன்னவள், தன் வீட்டு மாடியில் வராத வளையத்தை வந்ததாக எழுதி எழுநூறு விருப்பக்குறி வாங்கியிருக்கிறேன்.

இதைத்தான் இன்று சொல்ல வந்தேன். நாம் இங்கே பகிரும் வீட்டுக் குறிப்புகள், தோட்டக் குறிப்புகளில் பெரும்பாலானவை முதல் கட்டத்தோடு முடிந்துவிடுகின்றன. சோதனை மட்டும் இருக்கிறது. காண்பனவும் அறிவனவும் இல்லை. வைத்த அன்று படம் எடுக்கிறோம். ஆறு மாதம் கழித்து எடுப்பதில்லை.

ரசத்தில் பூண்டு பற்றி நான் என்ன சொன்னாலும் யார் வீடும் ஒழுகாது. பிடிக்காவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். 'இப்படிச் செய்யுங்கள்' என்பது வேறு. அதைப் படித்துவிட்டு ஒருவர் எழுந்து போய் மண் வாங்குகிறார், ஆணி அடிக்கிறார், மருந்து கலக்குகிறார். சொல்பவர் முன்னாள் டீச்சர் என்றால் நம்பிக்கை இன்னும் ஒரு படி கூடுதல்.

"அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தானே எல்லாம் செய்தோம்?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அக்காவின் வீடு நம் கண்ணெதிரே இருந்தது. அவர் முருங்கைக்கு அடித்த மருந்தில் மரம் பிழைத்ததா பட்டதா என்று மதில்சுவர் மேல் எட்டிப் பார்த்தாலே தெரியும். அவர் மறைத்தாலும் மரம் காட்டிக்கொடுக்கும். திரையில் அந்த எட்டிப் பார்த்தல் இல்லை. எழுதுகிறவர் காட்டினால்தான் உண்டு.

மாடித் தோட்டம் மட்டும் இல்லை. நானே நம்பிச் சொன்ன சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அழுகினால் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள் என்று எழுதினேன். அழுகலுக்குக் காரணம் காய்க்குக் கால்சியம் போய்ச் சேராதது என்பது சரி. ஆனால் கால்சியம் தண்ணீரோடுதான் காய்க்கு ஏறும். ஒருநாள் ஊற்றி நான்கு நாள் மறந்துபோனால், மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தும் காய்க்குப் போகாது. முட்டை ஓடு மண்ணில் லேசில் கரைவதும் இல்லை. ஒரு வருடம் கழித்துத் தொட்டியைக் கிளறினேன், ஓடு ஓடாகவே இருந்தது. தண்ணீரை ஒழுங்காக ஊற்றத் தொடங்கியதும் அழுகல் குறைந்தது. அதை எழுதினேனா? இல்லை.

சமையல் சோடாவில் வினிகரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும், அடைப்பெல்லாம் போய்விடும் என்று ஒரு குறிப்பு எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அந்த நுரை கார்பன் டை ஆக்ஸைடு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டபின் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். பார்க்க ஜோராக இருக்கும், அவ்வளவுதான்.

சிரிக்க முடியாதது ஒன்றும் உண்டு. கழிவறைக் கறை போக பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டைக் கலக்கச் சொல்லும் குறிப்பு. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு வரும். ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறையில் அது மூச்சையே அடைத்துவிடும். இதைப் பகிர்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. தரை பளிச்சென்று ஆனதை மட்டும் படம் எடுத்தவர்கள்.

"இப்படி எல்லாவற்றிலும் குற்றம் பார்த்தால் யார்தான் எழுதுவார்கள்?" என்று கேட்கலாம். என் வீட்டுக்காரரே கேட்டார். எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தபோது, முகம் தெரியாத ஒரு தம்பி எழுதியதைப் படித்துத்தான் காப்பாற்றினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் கலக்கக் கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளிக்கவும் என்று எழுதியிருந்தார். அதோடு நிறுத்தவில்லை. "ஒருமுறை நடுவெயிலில் அடித்து இலையெல்லாம் கருகிவிட்டது, அதனால்தான் சாயங்காலம் என்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரிதான் என் செடியைக் காப்பாற்றியது. அவர் தன் தோல்வியை எழுதாமல் விட்டிருந்தால், நான் காலை பதினொரு மணிக்கே தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

சரி, என் பாக்கியைத் தீர்க்கிறேன். 2023 பதிவில் எழுதாமல் விட்டவை இவை.

எடை: ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்குக் குறையாது. ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள பையைச் செம்மண்ணால் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் சுமார் 35 கிலோ. என் பதினெட்டுப் பைகளும் சேர்ந்து அறுநூறு கிலோவைத் தாண்டும். பத்துப் பேர் இரவும் பகலும் இறங்காமல் மாடியில் நிற்பதற்குச் சமம். ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 தரக்குறிப்பு எடுத்துக்கொள்ளச் சொல்லும் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நெருக்கி அடுக்கினால் அந்த இடத்தில் ஒன்பது பைகள் நிற்கும். ஒன்பதை 35 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆகவே தென்னை நார்க்கழிவு கலந்து எடையைக் குறையுங்கள், பைகளைச் சுவர் வரும் இடங்களை ஒட்டிப் பரப்பி வையுங்கள். பழைய வீடு என்றால் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு வையுங்கள்.

ஈரம்: பையைத் தரையில் வைக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டோ, நாலு செங்கல்லோ வைத்து உயர்த்துங்கள். அடியில் காற்று ஓட வேண்டும், துடைப்பம் நுழைய வேண்டும். தண்ணீர் ஓடும் வாட்டத்தை மறிக்காதீர்கள். மாதம் ஒருமுறை பையைத் தூக்கி, துளை வழியாக வேர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே விரிசல் உள்ள மாடி என்றால் முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

வாடகை வீடு: வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். இதை நான் எழுதவில்லை, ஏனென்றால் என் வீடு சொந்த வீடு. வாடகை வீட்டில் இருந்து படிப்பவர்கள் என் நினைவுக்கே வரவில்லை. எல்லாவற்றிலும் பெரிய தவறு அதுதான்.

செலவு: பையும் மண்ணும் விதையும் 3,200. பழுதுபார்ப்பு 38,000. வந்த காய்களை எண்ணவில்லை. எண்ணாமலிருப்பது நல்லது.

இதையெல்லாம் அந்தப் பழைய பதிவின் மேலேயே நேற்று சேர்த்துவிட்டேன். அழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அழித்தால் பகிர்ந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அதனால் தப்பும் இருக்கட்டும், திருத்தமும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளின் ஏட்டில் சிவப்பு மையில் திருத்தியபோது அப்படித்தானே செய்தேன். இதுவரை நாற்பத்தொரு விருப்பக்குறிகள். போதும்.

அந்த மாணவிக்குப் பாதிப் பணமாவது அனுப்புகிறேன் என்றேன். "ஐயோ, அதுக்கா கூப்பிட்டேன் டீச்சர்" என்று மறுத்துவிட்டாள். எனக்கு மனம் ஆறவில்லை, அது என் பாடு. வைப்பதற்கு முன் அவள் கேட்டது ஒன்றுதான்: "புது வீட்ல சின்ன பால்கனி இருக்கு டீச்சர். ரெண்டே ரெண்டு தொட்டி வைக்கலாமா?"

முன்பாக இருந்தால் "தாராளமா வைம்மா" என்றிருப்பேன். இந்தமுறை, வீட்டுக்காரரிடம் கேட்டாயா, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, கீழே யார் துணி காயப்போடுகிறார்கள் என்று மூன்று கேள்வி கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எப்போதாவது இங்கே பகிர்ந்த ஒரு வீட்டுக் குறிப்பு, ஒரு தோட்ட யோசனை, இப்போது என்ன நிலையில் இருக்கிறது? நன்றாக இருந்தால் அதையும் எழுதுங்கள். வரவில்லையென்றால், வரவில்லை என்றே எழுதுங்கள். கருத்துப் பெட்டி திறந்திருக்கிறது. மதிப்பெண் குறைக்க மாட்டேன்.