எழுப்பிய ஓசையும் எடுத்த பக்கமும்

இசை தேர்ந்தோர்க்கே உரியது என்னும் கருத்து மிகப் பழையது. அக்கருத்தைக் கட்டிக் காப்போர், பங்க் றொக் என வழங்கும் இசைவகை பற்றிப் பேச்செழுந்தால், அது வெறும் இரைச்சல் என்று தீர்ப்புக் கூறிவிடுவர். அவ்விசையின் அபிமானிகள் சிலரோ, இரைச்சலே புரட்சி என்று நேரெதிர்த் தீர்ப்பு வழங்குவர். இரு சாராரும் ஒரே தவற்றையே செய்கின்றனர் என்பது எமது வாதம். ஓசையைக் கேட்டனரேயன்றி, அது எவர் பொருட்டு, எவருக்கு எதிராக எழுந்தது என அவர்கள் வினவினாரல்லர். 'கிளாஷ்' என்னும் லண்டன் இசைக்குழுவின் தொடக்க ஆண்டுகளை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

1976இல் அக்குழு தோன்றியபோது பிரித்தானியாவில் வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. பாடசாலையை விட்டு வெளியேறிய இளைஞர் பலருக்கு உதவிப்பண வரிசையே எதிர்காலமாயிற்று. அன்றைய புகழ்பெற்ற றொக் இசையோ விலையுயர்ந்த கருவிகளையும், நீண்ட தனி வாசிப்புகளையும், பேரரங்குகளையும் நாடி அவர்தம் வாழ்விலிருந்து விலகிப் போயிருந்தது. இந்நிலையிலேயே ஜோ ஸ்ரமர், மிக் ஜோன்ஸ், போல் சிமொனன் ஆகியோர் ஒன்றுகூடினர். சிமொனன் பேஸ் கிற்றாரை அதற்குமுன் வாசித்தறியாதவர். சுரங்களின் பெயர்களைக் கருவியின் கழுத்தில் எழுதிவைத்தே பயின்றார். 1976 ஜூலை 4ஆந் திகதி ஷெபீல்ட் நகரில், 'செக்ஸ் பிஸ்ரல்ஸ்' குழுவின் நிகழ்ச்சியில் துணைக்குழுவாக அவர்கள் முதன்முதல் மேடையேறினர்.

அம்மேடையோசை எத்தகையது? பாடல்கள் குறுகியவை, வேகம் மிகுந்தவை. இரு கிற்றார்கள் ஒன்றோடொன்று மோத, ஸ்ரமரின் கரகரத்த குரல் சொற்களைப் பாதி விழுங்கிப் பாதி உமிழ்ந்தது. சொல்லிலே தெளிவில்லை, சுருதியிலே சுத்தமில்லை என்பர் பண்டிதர். குற்றச்சாட்டை நாம் மறுக்கவில்லை. ஆயின், தமிழ் இலக்கணம் கற்றோர் வழுவுக்கும் வழுவமைதிக்கும் உள்ள வேற்றுமையை அறிவர். பிழையேயாயினும் தக்க காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. இம்முரட்டோசைக்கும் காரணம் இருந்தது. ஆண்டுக்கணக்கிற் பயில அவகாசமும் பணமும் இல்லாதவரும் மேடையேறலாம் என்பதைக் கேட்டோர்க்கு அது உணர்த்திற்று. 1977 மே மாதச் சுற்றுப்பயணத்தில், மேடை அனுபவம் மிகச் சிறிதேயுடைய 'ஸ்லிற்ஸ்' என்னும் பெண்கள் குழு அவர்களோடு பாடியமை இதன் நேர்ப்பயனாகும்.

எனினும் இக்காரணம் மட்டும் போதாது. இதேவகை முரட்டோசையுடன் 1977இல் இசைத்தட்டு வெளியிட்ட 'ஸ்குரூட்றைவர்' என்னும் குழு, 1980களின் தொடக்கத்தில் நிறவெறியரின் ஊதுகுழலாயிற்று. இரைச்சலே புரட்சி என்போர் இதற்கு என்ன விடை பகர்வர்?

முதலாளித்துவமும் முரட்டோசைக்கு அஞ்சி ஓடவில்லை. அதற்கு விலை பேசிற்று. 1977 ஜனவரியில் சி.பி.எஸ். கம்பனி 100,000 பவுண் ஒப்பந்தத்தில் கிளாஷ் குழுவைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே, குழுவினரின் சம்மதமின்றி அவர்தம் பாடலொன்றைத் தனித்தட்டாக வெளியிட்டது. அச்செயலைச் சாடி அவர்கள் இயற்றிய 'கொம்பிளீற் கொன்ரோல்' என்னும் பாடலையும் அதே கம்பனியே விற்றது! எதிர்ப்பைக்கூடப் பண்டமாக்கும் சந்தையில் ஓசையின் கரடுமுரடு கலைஞனுக்குக் கவசமாகாது.

அவ்வாறாயின் எஞ்சுவது யாது? எடுத்த பக்கமே எஞ்சுவது. 1976 ஓகஸ்ற்றில், லண்டன் நொற்றிங் ஹில் பகுதியிலே கரிபியன் மக்களின் திருவிழாவில் கறுப்பின இளைஞரும் பொலிசாரும் மோதிக்கொண்டனர். ஸ்ரமரும் சிமொனனும் அங்கிருந்தனர். அவ்வனுபவத்திற் பிறந்ததே 1977 மார்ச்சில் வெளியான 'வைற் றயற்' என்னும் பாடல். கறுப்பின இளைஞர் எதிர்த்து நின்றதைப்போல் வெள்ளை இளைஞரும் அதிகாரத்தை எதிர்த்தெழ வேண்டும் என்பது அதன் உட்பொருள். தலைப்பை மட்டும் கேட்ட சிலர் அதனை நிறவெறிப் பாடல் என்றே கொண்டனர். பொருளை நாடாது ஓசையோடு நின்றுவிடுவோர்க்கு நேரும் கதி இது.

ஐயம் நீங்க வழி பிறந்தது 1978 ஏப்ரில் 30ஆந் திகதியன்று. 'நஷனல் புரொண்ட்' என்னும் நிறவெறிக் கட்சி தலைதூக்கியிருந்த காலம் அது. 'நிறவெறிக்கெதிரான றொக்' இயக்கத்தினரும் நாஸி எதிர்ப்பாளரும் ட்ரபல்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்ரோரியா பூங்கா வரை ஊர்வலம் சென்றனர். திரண்டோர் ஏறத்தாழ 80,000 பேர் எனக் கணிக்கப்பட்டது. அவர்கள்முன் 'ஸ்ரீல் பல்ஸ்' என்னும் கறுப்பினக் குழு பாடிய அதே மேடையிலே கிளாஷ் குழுவும் பாடிற்று. பண்டிதர் இகழ்ந்த அதே ஓசை, அன்று ஒரு மக்கட்கூட்டத்தின் குரலாயிற்று.

ஸ்ரமர் ஓர் இராஜதந்திரியின் மைந்தர், விடுதிப் பாடசாலையிற் பயின்றவர், அவருக்கு ஏது உரிமை என்று வினவுவோர் உளர். பிறந்த இடத்தை எவரும் தெரிந்தெடுப்பதில்லை. நிற்கும் இடத்தைத் தெரிந்தெடுக்கலாம். கலைஞனை அளக்கவேண்டியது அதனைக் கொண்டே.

ஆசிரியரும் மாணவரும் இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். செம்மையில்லை என்பதற்காக ஒரு படைப்பை வீசியெறிதல் தகாது; கரடுமுரடாயுள்ளது என்பதற்காகத் தலைமேற் கொள்ளுதலும் தகாது. இவ்வோசை எவருடைய வாயை அடைக்கிறது, எவருடைய வாயைத் திறக்கிறது? வகுப்பறையில் முதலிற் கேட்கப்படவேண்டிய வினா இதுவே.