'மற்றும் குழுவினர்' என்றால் யார்?

ஆடி பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் விடியற்காலையில் அலாரம் தேவையில்லை. கூம்பு ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி எழுப்பிவிடுவார். என் வயதுக்காரர்களுக்கு அவர் 'அம்மன் பாட்டு' அம்மா. அதற்கு முன்பு அவர் யார்?

கோரஸ் பாடகி. ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடிய ஒரு தாயின் மகள். 'மனோகரா'வில் (1954) கூட்டத்தில் ஒருவராகப் பாடியவர். 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டு கொடுத்தார். 'பாசமலர்' (1961) கல்யாணப் பாட்டுக்குப் பிறகுதான் ஊருக்கே பெயர் தெரிந்தது. அவரோடு கோரஸ் பாடிய மற்ற பெண்கள்? வானொலி அறிவிப்பில் 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொல்லோடு அவர்கள் கதை முடிந்தது.

பெயர் வந்த பிறகும் ஈஸ்வரிக்கு இடம் ஒதுக்கித்தான் கொடுத்தார்கள். கதாநாயகியின் தாலாட்டும் காதலும் பெரும்பாலும் வேறு குரல்களுக்கு. கிளப் நடனமும் மோகப் பாட்டும் இவருக்கு. நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'வல்லவன் ஒருவன்' (1966) படத்தில், வேதா இசையில் அவர் பாடியதைக் கேளுங்கள். அந்தக் குரலால் எதையும் பாட முடியும் என்பது புரியும். 'குடும்பப் பாங்கு' என்ற அளவுகோல்தான் அவரை ஓரத்தில் நிறுத்தியது. இதை நான் நேரடிச் சாதிப் பாகுபாடு என்று சொல்லவில்லை. ஆனால் தூய்மை, தீட்டு என்று பிரித்து அதன்படி வேலையைப் பங்கிடும் புத்தியை நமக்குக் கற்றுக்கொடுத்தது எது?

பிறகு அதே குரல் கோயிலுக்குள் போனது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பெண்ணின் பாட்டில்லாமல் இன்று மாரியம்மனுக்குத் திருவிழா இல்லை. 'மத நல்லிணக்கம்' என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

என்னால் நகர முடியவில்லை. 2023 ஜனவரியில் சேலம் திருமலைகிரியில் மாரியம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் ஊர் நடுவே வசைபாடப்பட்டார். 2024 மே மாதம் தீவட்டிப்பட்டியில் தலித் மக்கள் மாரியம்மன் திருவிழாவில் வழிபாட்டு உரிமை கேட்டபோது கலவரம் வெடித்தது, கடைகள் எரிந்தன. குரலுக்குத் திறக்கும் கதவு ஆளுக்குத் திறப்பதில்லை. ஏனென்றால் குரல் பங்கு கேட்காது. ஆள் கேட்பார்.

தோழர்களே, இந்த ஆடியில் உங்கள் ஊர் விழாக் குழுவிடம் ஒன்று கேளுங்கள்: தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குகிறீர்கள், யாரிடம் வாங்குவதில்லை? வரி வாங்காத வீட்டுக்குத் திருவிழாவில் உரிமையும் இல்லை என்பதுதான் அதன் பொருள். அந்த வீடுகளுக்கும் ஸ்பீக்கர் சத்தம் மட்டும் தவறாமல் போய்ச் சேருகிறது.