நீலம் கடன் வாங்கின சொல்தான், அதுக்கென்ன இப்போ?

"தமிழில் நீலத்துக்குச் சொந்தச் சொல்லே கிடையாது. உங்க முன்னோருக்கு அந்த நிறமே தெரிஞ்சிருக்காது." மஸ்கட்டில் மதியச் சாப்பாட்டு மேசையில் அடிக்கடி கேட்கிற வசனம். சொல்கிற மலையாளி நண்பர்கள் வாயிலும் அதே கடன்தான், 'நீல' என்று இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை.

நீலம் வடசொல் என்பதுதான் பெரும்பாலான மொழியியலாளர்கள் முடிவு. உடனே நம்மாட்கள் சிலர் அதுவும் பச்சைத் தமிழ்தான் என்று மல்லுக்கு நிற்பார்கள். தேவையே இல்லை சாமி!

ஆங்கிலக்காரன் 'ப்ளூ'வைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தான். பிரெஞ்சுக்காரன் அதை ஒரு ஜெர்மானிய மொழியிடம் வாங்கியிருந்தான். அதே வேரில் வந்த பழைய நார்ஸ் மொழியின் 'ப்ளார்' கருமையையும் சேர்த்தே குறித்தது. ஆப்பிரிக்கரை 'நீல மனிதர்' என்றே அழைத்தார்கள். அதனால் வைக்கிங்குகளுக்குக் கடலின் நிறம் தெரியாது என்று யாராவது சொல்கிறார்களா? ஹோமர் காலத்துக் கிரேக்கருக்கு நிற உணர்வே வளரவில்லை என்று 1858-ல் கிளாட்ஸ்டன் எழுதினார். நம்மவர்கள் இன்றும் அதையே நமக்கு ஒட்டுகிறார்கள்.

நம் பழைய வழக்கில் கருமையும் பச்சையும் நீலத்தைப் பங்குபோட்டுக் கொண்டன. நீலக் குவளைக்குக் கருங்குவளை என்று பெயர். கையில் நீலம் பாய்ந்து தெரிந்தாலும் 'பச்சை குத்துதல்'தான்.

எங்கள் எல்லைப் பக்கமே வாருங்கள். மூணாறு, வட்டவடை மலைகளில் 2018-ல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-ல் பூக்கும். குறுந்தொகையின் 3-ஆம் பாட்டில் தேவகுலத்தார் குறிஞ்சியின் கொம்பைக் கரியது என்கிறார், பூவின் நிறத்தைச் சொல்லவில்லை. சொல்லாததால் பார்க்கவில்லை என்று கணக்கெழுதினால் எந்த ஆடிட்டர் ஒப்புவார்?

இது வெறும் வாய்ச்சண்டை இல்லை. கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளை, தன் பேச்சு அரைகுறை என்று கேட்டுக் கேட்டே வாய் மூடிக்கொள்கிறது. பாதி தமிழ், பாதி மலையாளம் என்ற கேலி ஒருபக்கம், சொல்லே இல்லாத மொழி என்ற கேலி மறுபக்கம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பேங்க்காரனாக நான் சொல்வது இதுதான்: கடன் வாங்குவது ஏழ்மைக்கு அடையாளம் இல்லை. நடக்கிற தொழிலுக்குத்தான் கடன் வேண்டும். மூடின கடைக்கு எதற்குக் கடன்? தைரியமாப் பேசு கண்ணு.