ரே மிஸ்டீரியோவின் முழங்காலும், "அதெல்லாம் நடிப்புங்க" என்ற வார்த்தையும்

1/
"அதெல்லாம் சும்மா நடிப்புங்க டாக்டர்."

டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்தம் பத்தி பேச்செடுத்தா பத்துல ஒன்பது பேர் சொல்றது இதைத்தான். யார் ஜெயிப்பார்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க, அது உண்மைதான். ஆனால் நடிப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு எதையெல்லாம் பார்க்காமல் விடுகிறோம் என்பதைப் பற்றித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
திருப்பூரில் எலும்பு மூட்டு வைத்தியம் பார்க்கிறவனுக்கு அமெரிக்க ரெஸ்லிங்கில் என்ன வேலை என்று கேட்கலாம்.

ட்ரம்ப் கார்டு வைத்து ரேங்க், ஹைட், வெயிட், பைசெப்ஸ் சொல்லி விளையாடிய தலைமுறைதான் இன்னைக்கு நம்ம ஊர் பனியன் கம்பெனிகளில் டெய்லராகவும், செக்கிங்கிலும், மெர்ச்சன்டைசராகவும் இருக்கு. அந்தத் தலைமுறைக்கு ரே மிஸ்டீரியோ யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. முகமூடி போட்ட குள்ளமான மனுஷன். 619.

3/
தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக.

1974 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான் டியாகோ பக்கத்தில் பிறந்தவர். மெக்சிகோ வம்சாவளி. மாமா முறையுள்ள ஒரு மல்யுத்த வீரரிடம் எல்லை தாண்டி டிஹுவானாவில் பயிற்சி. 1989-ல் முதல் மேட்ச். அப்போது வயது 14. நம்ம ஊர் கணக்கில் ஒன்பதாம் வகுப்பு.

619 என்பது சான் டியாகோவின் தொலைபேசி ஏரியா கோடு. எதிராளி கயிற்றில் கவிழ்ந்து கிடக்க, இவர் ஓடிவந்து கயிறுகளைப் பிடித்து, இடையில் உடம்பைச் சுழற்றி ரெண்டு காலாலும் முகத்தில் உதைப்பார். அந்த உதைக்குத்தான் ஊர் கோடை பேராக வைத்தார்.

4/
உயரம் சுமார் ஐந்தரை அடி. அந்தத் தொழிலில் ஆறரை அடி ஆட்கள்தான் முதலாளிகளுக்குப் பிடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் 2006 ஜனவரியில் ராயல் ரம்பிளில் இரண்டாவது ஆளாக உள்ளே போய், 62 நிமிஷம் தாக்குப்பிடித்து ஜெயித்தார். அதே ஏப்ரலில் ரெஸ்ல்மேனியா 22-ல் உலகச் சாம்பியன்.

"முடிவு முன்னாடியே எழுதினதுதானே?" ஆமாங்க. முடிவை எழுதிவைக்கலாம். 62 நிமிஷம் ஓடுற மூச்சை யாரும் எழுதித் தர முடியாது.

5/
இப்போ என் பாடத்துக்கு வரேன்.

ரிங் என்பது மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன்மேல் பலகை, அதன்மேல் மெல்லிய ஃபோம், மேலே இழுத்துக் கட்டிய துணி. அவ்வளவுதான்.

மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையைத் தொடுற மாதிரி விழச் சொல்லித் தருவாங்க. விழும் விசை குறையாது. அது பரவும். தலையோ, ஒரே ஒரு முதுகெலும்போ மொத்தத்தையும் தாங்காமல் தப்பிக்கும். நடிப்பு என்று நாம் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான். வலி இல்லாமல் விழுவதற்கு ஒரு வழியும் கிடையாது.

6/
முழங்காலுக்கு இந்த வித்தை பலிக்காது.

மேலே இருந்து குதித்துக் காலூன்றும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை மூட்டில் இறங்கும். அதோடு உடம்பு ஒரு பக்கம் திரும்பினால், மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் ஏ.சி.எல் என்ற லிகமென்ட் அறுந்துபோகலாம். அதுக்குப் பக்கத்திலேயே மெனிஸ்கஸ் என்ற குஷன். நம்ம மக்கள் ரெண்டையும் சேர்த்து "ஜவ்வு கிழிஞ்சிருச்சு"னு சொல்வாங்க.

மெனிஸ்கஸின் உட்பகுதிக்கு ரத்த ஓட்டம் மிகக் குறைவு. கிழிந்தால் தானாக ஆறுவது கஷ்டம். வெட்டி எடுத்தால் தேய்மானம் சீக்கிரம் வரும்.

7/
ரே மிஸ்டீரியோவின் முழங்காலுக்குப் பலமுறை ஆபரேஷன் நடந்திருக்கிறது. 2011 ஆகஸ்டில் முழங்கால் காயத்தோடு வெளியே போனவர், திரும்பி வந்தது 2012 ஜூலையில். கிட்டத்தட்ட ஒரு வருஷம்.

2023-ல் அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். 2025 ரெஸ்ல்மேனியாவுக்கு முந்தின நாள் தொடை இடுக்கில் காயம், அந்த மேட்ச் ஆட முடியவில்லை. அப்போது வயது 50.

தினமும் குதிப்பதைத் தொழிலாக வைத்த ஒரு மூட்டு ஐம்பது வயது வரை வேலை செய்திருக்கிறது என்றால், அதுக்குப் பின்னால் ஆபரேஷன், பிசியோதெரபி, மாசக்கணக்கில் ஓய்வு எல்லாம் இருக்கு. எல்லாருக்கும் அது வாய்க்கலை.

8/
அவருடைய நெருங்கிய நண்பர் எடி கெரேரோ. 1997-ல் லாஸ் வேகஸில் இவங்க ரெண்டு பேரும் ஆடிய மேட்சை இன்னைக்கும் ரசிகர்கள் கொண்டாடுறாங்க. 2005 நவம்பரில் ஹோட்டல் அறையில் எடி இறந்து கிடந்தார். வயது 38. இதய ரத்தக்குழாய் நோய்.

அதற்குப் பிறகு, 2006-ல்தான் அந்தக் கம்பெனி இன்றைய வெல்னஸ் பாலிசியைக் கொண்டுவந்தது. போதைமருந்துச் சோதனை, இதயப் பரிசோதனை எல்லாம். ஒருத்தர் செத்த பிறகு வந்த பாலிசி.

9/
நம்ம ஆள் கிரேட் காளியையும் சொல்லணும். ஏழடி உயரம், பஞ்சாப் போலீஸில் இருந்தவர். 2006-ல் டபிள்யூ.டபிள்யூ.இ-க்குப் போய், சாம்பியனாக இருந்த ரே மிஸ்டீரியோவைக் கூட நொடியில் சாய்த்தவர். இந்தியாவே கைதட்டியது.

2012-ல் அவருக்குப் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்தக் கட்டி வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைப்பது. நாம் டிக்கெட் வாங்கி வியந்த உடம்புக்குள் ஒரு நோய் இருந்தது. அதை யாரும் நடிக்க முடியாது.

10/
இனி சொல்லப்போறது கொஞ்சம் கனமான விஷயம்.

1999 மே 23, கான்சாஸ் சிட்டி. ஓவன் ஹார்ட் என்ற வீரரைக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கும் காட்சி. கொக்கி விட்டுவிட்டது. எழுபது அடிக்கு மேல். ரிங்கில் விழுந்து இறந்தார்.

டிவியில் வர்ணனை செய்தவர், இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை, நிஜமாக நடந்தது என்று பார்வையாளர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஏன்னா அதுவும் நடிப்புன்னு நினைக்கிற பழக்கம் எல்லாருக்கும் இருந்தது. மீதி நிகழ்ச்சியும் அன்று நிற்காமல் நடந்தது.

11/
2015 மார்ச் 20, டிஹுவானா. ரே மிஸ்டீரியோ ஆடிய மேட்ச். எதிரணியில் மெக்சிகோவின் பெரோ அகுவாயோ ஜூனியர், வயது 35. ஒரு அடிக்குப் பிறகு அவர் கயிற்றில் சாய்ந்தார். 619-க்காக எதிராளி எப்படிக் கிடப்பாரோ, அதே மாதிரி.

ஆனால் அவர் அசையவில்லை. கழுத்தில் காயம். ஒரு நிமிஷத்துக்கும் மேல் மேட்ச் அவரைச் சுற்றித் தொடர்ந்தது. அடிபட்ட மாதிரி கிடப்பதுதான் அந்தத் தொழிலே என்பதால், நிஜமாக அடிபட்டது கூட இருந்தவர்களுக்கே உடனே புரியவில்லை. அவர் பிழைக்கவில்லை.

இதில் யாரும் வேண்டுமென்று செய்தது எதுவும் இல்லை. கத்தியோ துப்பாக்கியோ இல்லை. "நடிப்புதானே" என்ற நினைப்பில் நிமிஷங்கள் போயின.

12/
அந்த வார்த்தையால் லாபம் பார்த்தவர்களும் இருக்காங்க.

1989-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், அந்தக் கம்பெனி தரப்பே போய் "எங்களுடையது நிஜப் போட்டி அல்ல, கேளிக்கை" என்று சொன்னது. அதுவரை ரசிகர்களிடம் மூடி வைத்த ரகசியத்தை, மாநில விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுவதற்காக அவர்களே உடைத்தார்கள்.

சரி, கேளிக்கைன்னா ஆடுறவங்க ஊழியர்களா? அதுவும் இல்லையாம். "சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்". 2008-ல் மூன்று முன்னாள் வீரர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். தள்ளுபடியானது.

ரிங்கில் பட்ட காயத்துக்குக் கம்பெனி வைத்தியம் பார்க்கும். ஆனால் அவர்கள் ஊழியர் என்ற பட்டியலில் கிடையாது.

13/
இதைப் படிக்கும்போது திருப்பூர்க்காரங்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கணுமே?

"அவரு எங்க கம்பெனி ஆளு இல்லீங்க. கான்ட்ராக்ட் ஆளு. பீஸ் ரேட்டு."

என் கன்சல்டிங் ரூமில் இந்த வாக்கியத்தை எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை.

14/
ஒன்றரை ஷிப்ட் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம்.

செக்கிங் டேபிளில் அவ்வளவு நேரமும் நின்றால் குதிகால் வலி, முழங்கால் வீக்கம், காலில் நரம்பு சுருட்டல். ஓவர்லாக்கில் குனிந்தே உட்கார்ந்தால் கழுத்தும் இடுப்பும். அயர்னிங்கில் நின்றால் தோள். பண்டல் தூக்கினால் முதுகு.

ரிங்கில் ஒரே குதியில் அறுவது, இங்கே லட்சம் பீஸில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மூட்டுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

15/
தையல் ஊசி விரலில் ஏறிட்டா எக்ஸ்ரேவில் பளிச்சென்று தெரியும். உடனே ஆட்டோ வைத்துக் கூட்டி வருவார்கள். அதை யாரும் நடிப்புன்னு சொல்றதில்லை.

கழுத்து வலிக்கு எக்ஸ்ரே எடுத்தால் பல நேரம் நார்மல். ஏ.சி.எல் அறுந்தாலும் எக்ஸ்ரேவில் லிகமென்ட் தெரியாது, எம்.ஆர்.ஐ வேணும். தலையில் அடிபட்டு மூளை குலுங்கினால் சி.டி ஸ்கேன் கூட நார்மலாக வரலாம்.

உடனே என்ன பேச்சு வருது? "ஸ்கேன்ல ஒண்ணுமில்லீங்களாம். சும்மா நடிக்குது அந்தம்மிணி. சனிக்கிழமை சம்பளம் வாங்கினா சரியாயிரும்."

16/
ஒரு அம்மா என்னிடம் கேட்டதை அப்படியே எழுதுறேன்:

"வலி இல்லீன்னா நான் எதுக்குங்க லீவு போடறேன்? லீவு போட்டா எனக்குத்தானுங்க பீஸ் போகுது?"

இதுக்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் இல்லை. கணக்குப் புத்தகத்தில் இருக்கு. பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர் வலியை நடித்தால் அவருக்கு நஷ்டம் மட்டும்தான். அவர் உண்மையில் நடிப்பது வலி *இல்லாத* மாதிரி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி மிஷினில் உட்கார்வது. ரிங்கில் இருந்தவர்கள் வருஷக்கணக்காகச் செய்ததும் அதேதான்.

17/
"டாக்டர், ஏமாத்துறவங்களும் இருக்காங்களே?" என்று கம்பெனி நடத்தும் நண்பர்கள் கேட்பார்கள். இருக்காங்க. நானும் பார்த்திருக்கேன். அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனைகள் இருக்கு, அது என் வேலை. கையை வைத்துப் பார்க்காமலே முடிவு சொல்வது சூப்பர்வைசர் வேலை இல்லை.

ஆர்டர் நெருக்கடி, ஷிப்மென்ட் தேதி எல்லாம் எனக்கும் புரியுது. இருபது நாள் ஓய்வில் சரியாகும் முழங்காலை இரண்டு வருஷம் இழுத்தால், நல்ல டெய்லரையே இழப்பீங்க. அந்த நஷ்டமும் கணக்கில் வரணும்.

18/
தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

• மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் பீஸ் ரேட், கான்ட்ராக்ட் என்பதெல்லாம் விலக்கு ஆகாது.
• உங்கள் பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம். முதலாளி பங்கு 3.25 சதவீதம். பிடித்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
• நோய்க்கு விடுப்பு என்றால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்கு உரிய நாள்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும்.
• வேலையில் விபத்து என்றால் குணமாகும் வரை 90 சதவீதம். முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவருக்கும் உண்டு.
• அடிபட்ட அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" வேண்டாம்.

19/
எல்லோருக்கும்:

• குதித்து விழுந்தபோது "டப்" என்று சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், நடக்கும்போது மூட்டு நழுவுவது: இது மூணும் இருந்தால் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம். எலும்பு டாக்டரைப் பாருங்கள்.
• கழுத்தில் அடிபட்டு கை கால் மரத்துப்போனால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.
• தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பம், அதிகத் தூக்கம் இருந்தால் உடனே மருத்துவமனை.
• வீட்டில் பசங்க கட்டிலிலிருந்து தம்பி மேல குதிச்சு 619 போட்டால் தடுத்துருங்க. "நடிப்புதான், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லாதீங்க. "அவங்க பதினாலு வயசிலிருந்து பயிற்சி எடுத்தவங்க, அவங்களுக்கே ஆபரேஷன்"னு சொல்லுங்க. அதுதான் உண்மை.

20/
ரே மிஸ்டீரியோவை ரசிங்க. நானும் ரசிப்பேன். அந்தச் சின்ன உடம்பு காற்றில் திரும்பும்போது கிடைக்கும் சந்தோஷத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

நான் கேட்பது ஒண்ணுதான். வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னால், அது ரிங்கில் இருந்தாலும் சரி, பவர்டேபிளில் இருந்தாலும் சரி, முதலில் நம்புங்க. பரிசோதனை அப்புறம். தீர்ப்பு அதுக்கும் அப்புறம்.

உங்க கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் 18-ஐயும் 19-ஐயும் மட்டுமாவது பகிருங்கள்.